பதினொண்ணு நடந்து வந்த நாற்பத்தொரு நாள்

நாச்சிமுத்து ஓய்வு பெற்று வீடு வந்து சேர்ந்த நான்காம் நாள் காலையில், அவரோடு ஒரே மேடையில் ஒரே மாலை மரியாதையோடு ஓய்வு கொடுக்கப்பட்ட விமானம், விமானப்படைத் தளத்தின் கிழக்கு வேலியைச் சாய்த்துப் படுக்க வைத்துவிட்டு, முன்சக்கரத்தைத் தங்கராசுவின் வெங்காயக் காட்டில் ஊன்றி நின்றுகொண்டிருந்தது. அதை முதலில் பார்த்தவர்கள் பால்காரர்கள்தான் என்றாலும், நின்று பேசினால் பால் திரிந்துவிடும் என்பதால் நேரே சொசைட்டிக்குப் போய் ஊற்றிவிட்டு, கேனைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அதற்குப் பிறகுதான் ஊருக்குச் சொன்னார்கள்.

ஊர் என்றால் செங்காட்டுவலசு. அறுபது எழுபது வீடு, பதினெட்டு விசைத்தறிக் குடோன், ஒரு மாரியம்மன் கோயில், பஸ் நிற்காத ஒரு பஸ் ஸ்டாப். தலைக்கு மேல் விமானம் போவதை முப்பது வருஷமாகப் பார்த்துச் சலித்த ஊர் என்பதால் ஒரு விமானம் தரை வழியாக வந்ததற்கு யாரும் பெரிதாக வாயைப் பிளக்கவில்லை. தங்கராசு மட்டும் போய்ச் சக்கரத்தடியில் குனிந்து பார்த்தார். வெங்காயத் தாள் ஒரு வரிசைதான் மடங்கியிருந்தது. "மேலயே போயிட்டிருந்தது, இன்னைக்குக் கீழ வந்துருக்குது" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் மாற்றிவிடப் போய்விட்டார்.

அது நிற்கவில்லை, நடக்கிறது என்று கண்டுபிடித்தவர் ஆறுக்குட்டி. மாரியம்மன் தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர் அவர். ஊரே வடம் பிடித்து இழுக்கும்போது சக்கரத்தோரம் ஓடி, கட்டையைச் செருகித் தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் அவர் கையில்தான் இருந்தது. சக்கரம் என்று ஒன்றைக் கண்டால் அவருக்குச் சும்மா போக முடியாது. ஒரு சோளத்தட்டையை ஒடித்துச் சக்கரத்துக்கு இருபது காலடி முன்னால் நட்டுவிட்டு, வரப்பில் துண்டை விரித்து உட்கார்ந்து, மத்தியானம் வரைக்கும் கண்ணை எடுக்காமல் பார்த்தார். நகர்ந்தது கண்ணுக்குத் தெரியவில்லை. கடிகாரத்தின் சின்ன முள்ளும் அப்படித்தான். ஆனால் மத்தியானச் சோற்றுக்கு எழுந்தபோது சோளத்தட்டை சக்கரத்துக்குப் பின்னால் இருந்தது. மூன்று நாள் அளந்து பார்த்துவிட்டு, ஒரு நாளைக்கு நூற்று முப்பது காலடி என்றும், போகிற திசை கிழக்கு என்றும், இதே போக்கில் போனால் வெங்காயக் காடு, தென்னந்தோப்பு, வாய்க்கால், தார் ரோடு எல்லாம் தாண்டி ஊருக்குள் அது முட்டுகிற முதல் வீடு நாச்சிமுத்துவின் வீடு என்றும் சொன்னார்.

நாச்சிமுத்துவிடம் இதைச் சொன்னபோது அவர் காபி குடித்துக்கொண்டிருந்தார். குடித்துக்கொண்டிருந்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. டம்ளர் கையில் இருந்தால் காபி சின்னச் சின்ன வளையமாக நடுங்கிக்கொண்டே இருக்கும். பாதி டபராவில் சிந்தும். முப்பத்தாறு வருஷம் அந்த விமானத்தின் காக்பிட்டில், ஓட்டுகிறவருக்கும் அவர் துணைக்கும் நடுவில் ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு இன்ஜினும் சுகமா என்று முள்ளைப் பார்த்துக்கொண்டே வந்த பிளைட் இன்ஜினியர் அவர். அந்த இரைச்சல் காதோடு நிற்காமல் உடம்புக்குள் இறங்கி எலும்பில் தங்கிவிட்டது. வேலையில் இருந்தவரை அது தெரியவில்லை, ஏனென்றால் சுற்றியிருந்த எல்லாமே அப்போது நடுங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் கட்டில் நடுங்கியது, கட்டிலோடு சேர்ந்து அலமாரிக் கண்ணாடி கிர்ரென்றது. வந்த நாளிலிருந்து அவருக்கு ஒரு பொட்டுத் தூக்கம் இல்லை, பக்கத்தில் படுத்த வசந்தாமணிக்கும் இல்லை.

"ஏனுங்க, உங்களுக்குள்ள என்னமோ ஓடிக்கிட்டே இருக்குதுங்க" என்று அவள் அவர் மார்பில் கையை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "ஆப் பண்ணவே தெரியாதுங்களா உங்களுக்கு?"

அவருக்குத் தெரியும். விமானம் ஏன் நடக்கிறது என்பதும் தெரியும். செங்காட்டுவலசில் அது தெரிந்த ஒரே ஆள் அவர்தான், அதனால்தான் அவர் வாயைத் திறக்கவில்லை.

வால் எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தைச் சொல்லித்தான் விமானத்தைக் கூப்பிடுவார்கள், இது பதினொண்ணு. மாவு மூட்டை, மண்ணெண்ணெய், உயிருள்ள ஆடு, ஒரு ஜெனரலின் சோபா, வெள்ளத்தில் மிதந்த ஊர்களுக்கு ரொட்டி, திரும்பும்போது அந்த ஊர்களின் ஜனம், கொடி போர்த்திய பெட்டிகள் என்று எதைக் கொடுத்தாலும் முகம் சுளிக்காமல் சுமந்த விமானம். பனித் திடலிலும் ஆற்றுப் படுகையிலும் போய் இறங்குகிற இடங்களில் தரை ஆட்கள் யாரும் இருக்கமாட்டார்கள். சக்கரம் நின்றதும் முதல் ஆளாகக் குதித்து, பக்கவாட்டில் ஓடி, இடது சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைப்பது பிளைட் இன்ஜினியரின் வேலை. கட்டை என்றால் பெரிய சமாசாரம் இல்லை. முக்கோணமாகச் செதுக்கிய இரண்டு மரத்துண்டு, மஞ்சள் பெயின்ட், இரண்டையும் சேர்த்து ஒரு கயிறு. வைத்துவிட்டு எழுந்து, இரண்டு கை முஷ்டியையும் உயர்த்தி, கட்டை விரல்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி உள்பக்கமாக இடித்துக் காட்ட வேண்டும். மேலே இருக்கிறவர் அதைப் பார்த்துத் தலையாட்டி பிரேக்கை விடுவார். அதற்குப் பிறகுதான் அந்தப் பயணம் முடிந்தது என்று அவர்களுக்குள் கணக்கு. லடாக்கில் ஒருமுறை பனியில் ஒட்டிக்கொண்ட கட்டையைப் பிடுங்கப் போய் நாச்சிமுத்துவின் மோதிர விரல் நுனி கருகி உதிர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு மொட்டையான அந்த விரலையும் சேர்த்து மடக்கித்தான் அவர் சைகை காட்டினார்.

கடைசி நாள் நடந்தது வேறு. தீயணைப்பு வண்டிகள் இரண்டு பக்கமும் நின்று தண்ணீர் வளைவு போட்டன, பேண்டு வாசித்தார்கள், லட்டு கொடுத்தார்கள். விமானத்தை ஓட்டி வந்தவர் விங் கமாண்டர் தேவய்யா, குடகுக்காரர். அவருக்கும் அன்றோடு முடிந்தது. வழி பார்த்துச் சொல்லும் நேவிகேட்டர் டிர்கிக்கும் முடிந்தது, ஏனென்றால் புதிதாக வரும் விமானங்களில் வழி பார்ப்பதற்கும் இன்ஜின் பார்ப்பதற்கும் ஆள் கிடையாது, கம்ப்யூட்டர் பெட்டியே பார்த்துக்கொள்ளும். "இன்னிக்கு நீங்க குதிக்கக் கூடாது முத்து. மாப்பிள்ளை மாதிரி முன்படியில இறங்கணும்" என்று தேவய்யா கையைப் பிடித்துக்கொண்டார். நாச்சிமுத்து அப்படியே இறங்கினார். மாலை விழுந்தது. தளத்தின் தரைவேலைப் பையன்கள் மினுங்கும் தாள் சுற்றிய கனத்த பெட்டி ஒன்றைப் பரிசாகக் கொடுத்து, வீட்டில் போய்த்தான் பிரிக்க வேண்டும் என்று சத்தியம் வாங்கினார்கள்.

வீட்டில் பிரித்தார். உள்ளே பதினொண்ணின் கட்டைகள் இருந்தன. பழைய பெயின்ட்டைச் சுரண்டி, மெருகேற்றி, புது மஞ்சள் அடித்து, பித்தளைத் தகட்டில் அவர் பெயரும் முப்பத்தாறு வருஷமும் பொறித்து, கயிற்றுக்குப் பதில் பட்டு நூல் போட்டிருந்தார்கள். அவர் அப்போதே எல்லாவற்றையும் கண்டுகொண்டார். கட்டைகளை முன்கூட்டியே பரிசுக்கு எடுத்துப் போனவர்கள் வேறு கட்டையை யாராவது வைப்பார்கள் என்று இருந்துவிட்டார்கள். வைக்க வேண்டியவர்கள், நாச்சிமுத்து சார் இருக்கும்போது பதினொண்ணுக்கு நாம் கட்டை வைத்தால் நன்றாக இருக்காது என்று மரியாதைக்கு ஒதுங்கி நின்றுவிட்டார்கள். அவர் கழுத்தில் மாலை இருந்தது, கையில் லட்டு இருந்தது. யாரும் வைக்கவில்லை. யாரும் சைகை காட்டவில்லை. பதினொண்ணைப் பொறுத்தவரை பயணம் இன்னும் முடியவில்லை.

ஒரு போன் போட்டிருந்தால் போதும். போட எடுத்த கையைக் கீழே இறக்கிவிட்டார். தளத்தின் ஓரத்தில் பழைய இரும்புக்காரனின் லாரி நின்றதை அவர் வரும்போதே பார்த்திருந்தார். கட்டை வைத்தால் நிற்கும், நின்றால் வெட்டுவார்கள். அதனால் கட்டைகளைத் துடைத்து, டி.வி.க்கு மேலே ஷோகேசில், பேத்தியின் ஓட்டப்பந்தயக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, தனக்கு ஒன்றும் தெரியாது என்று இருந்துவிட்டார்.

பதினொண்ணு நடந்தது. வெங்காயக் காட்டைத் தாண்ட ஐந்து நாள். தளத்திலிருந்து இளம் அதிகாரி ஒருவர் கோப்போடு வந்தார். டிராக்டர் வைத்து இழுத்துப் பார்த்தார்கள், டிராக்டரும் கிழக்கே நடந்தது. மணல் மூட்டை அடுக்கினார்கள், மறுநாள் மூட்டைகள் அடுக்குக் கலையாமல் பின்னால் இருந்தன. ஸ்டோரிலிருந்து புத்தம் புதுக் கட்டைகள் நான்கு ஜோடி கொண்டுவந்து எல்லாச் சக்கரத்துக்கும் வைத்தார்கள், அவற்றையும் அது மெதுவாகத் தாண்டிப் போனது. அதிகாரி வரப்பில் உட்கார்ந்து எழுதியதில், இந்த விமானம் படையின் பட்டியலிலிருந்து ஏற்கெனவே நீக்கப்பட்டுவிட்டதால் இது எங்கே போகிறது என்பது படையின் விசாரணைக்குள் வராது என்று இருந்தது. எழுதி முடித்ததும் அவருக்கே நிம்மதியாக இருந்தது. தங்கராசு கொடுத்த இளநீரைக் குடித்துவிட்டுப் போனார்.

பழைய இரும்புக்காரனின் ஆள் ஜாபர் மேஸ்திரி. மூன்று பேரோடும் கேஸ் சிலிண்டரோடும் தென்னந்தோப்பில் டென்ட் அடித்தார். வந்த அன்றே வெட்டியிருக்கலாம்தான், ஆனால் அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. "நகர்ற பொருள்ல நெருப்பு வைக்கமாட்டேன். எங்கப்பா கப்பல் வெட்டுனவரு. அலையில ஆடிக்கிட்டிருந்தா தொடமாட்டாரு. நின்னா சொல்லுங்க, அரை நாள்ல பிரிச்சுப்புடறேன்." நிற்கவில்லை. தினமும் டென்ட்டைப் பிரித்து நூற்று முப்பது காலடி தள்ளி அடித்தார்கள்.

ஊர் பழகிக்கொண்டது. இறக்கையில் மிளகாய் காயப்போட்டார்கள், ஏனென்றால் தரையில் காய்வதைவிட ஒரு நாள் முன்னாலேயே காய்ந்தது. நூறு நாள் வேலைக்குப் போன பெண்கள் அதன் நிழலில் உட்கார்ந்து சோறு தின்றார்கள், தின்று முடித்துக் கை கழுவுவதற்குள் நிழல் ஒரு முழம் தள்ளிப் போயிருக்கும், அவர்களும் தள்ளி உட்காருவார்கள். பின்கதவு திறந்தே கிடந்ததால் சினை ஆடொன்று ஏறிப் போய், மூட்டைகளும் பெட்டிகளும் கிடந்த இடத்தில் இரண்டு குட்டி போட்டுவிட்டு, இறங்கும்போது வேறு சர்வே எண்ணில் இறங்கியது. டீக்கடைக்காரர் தள்ளுவண்டியைக் கொண்டுவந்தார். டி.வி.காரர்கள் வந்தார்கள், விமானம் பறக்குமா என்று கேட்டார்கள், பறக்காது நடக்கும் என்றார்கள், நடப்பது காமிராவில் விழவில்லை என்று போய்விட்டார்கள். ஒரு குடும்பம் உள்ளே வைத்துக் காது குத்தியது. காதணி விழா எங்கே என்று பத்திரிகையில் இடம் போட முடியாமல், 'அன்றைய தேதியில் எங்கு இருக்கிறதோ அங்கு' என்று அச்சடித்தார்கள்.

பிறகு அலுத்தது. தென்னந்தோப்பில் அது பத்து நாள் எடுத்துக்கொண்டது, தோப்புக்காரர் ஓலைகளைக் கயிறு கட்டி வளைத்து வழி கொடுத்துக் கொடுத்து ஓய்ந்துபோனார். வாய்க்காலைத் தாண்டிய நாட்களில் மடைத் தண்ணீர் முறை மாறிப்போய் இரண்டு பங்காளிகள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். தார் ரோட்டுக்கு வந்தபோது லைன்மேன் மின்கம்பியைக் கழற்ற, மூன்று நாள் தறி ஓடவில்லை, தறிக்காரர்கள் விமானத்தைப் பார்த்துப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. பஞ்சாயத்துத் தலைவி கலாமணி மனுக்களை வாங்கி வாங்கி, கடைசியில் மனு என்றாலே கண்ணைக் கட்டுகிறது என்றார். "இன்னும் எங்கீங்க இருக்குது?" என்று ஒருவரையொருவர் கேட்பதும், "அங்கதானுங்க, வந்துக்கிட்டிருக்குது" என்பதும் செங்காட்டுவலசில் வணக்கத்துக்குப் பதிலாகவே ஆகிவிட்டது. டீக்கடைக்காரர் ஒரு நாள் வண்டியைத் தள்ளாமல் அப்படியே விட்டுவிட்டார்.

நாச்சிமுத்து மட்டும் தினமும் போனார். காலைக் காபியைச் சிந்திவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, அதன் இடது சக்கரத்துக்குப் பக்கத்தில் கூடவே நடப்பார், நடப்பதென்றால் ஒரு மணி நேரத்துக்கு ஐந்தாறு காலடி. அதன் வயிற்றில் கையை வைப்பார். உள்ளே ஓடாத இன்ஜினின் நடுக்கம் அவர் கையின் நடுக்கத்தோடு சேர்ந்து ஒன்றாகிவிடும், அந்தச் சமயம் மட்டும் அவருக்குக் கை நடுங்குவது தெரியாது. அவருக்கு அது பிடித்திருந்தது. தன் வீட்டை நோக்கி வருகிற ஒன்றைப் பார்த்து அவருக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது, அதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

"மூத்தவளைப் பாத்துட்டு வந்தாச்சுங்களா?" என்று எதிரில் வருகிறவர்கள் கேலி செய்வார்கள். "மூத்தவளும் இளையவ ஊட்டுக்கே வர்றாளாமே. ஒரே ஊட்ல ரண்டு பேரையும் வெச்சுச் சமாளிச்சுருவீங்களா?"

இருபத்தேழாம் நாள் குடகிலிருந்து தேவய்யா போன் செய்தார். குரல் தேய்ந்திருந்தது.

"முத்து, நீங்க தூங்கறீங்களா?"

"இல்லீங்க சார்."

"நானும் இல்ல. காபிக் கொட்டை காயற இடத்துல போய்ப் படுக்கறேன், கொட்டையெல்லாம் என்னைச் சுத்தி வட்டமா ஒதுங்கிடுது. டாக்டர் ஒண்ணும் இல்லேங்கறார். டிர்கி கதை தெரியுமா? அவர் சாய்ஞ்சு உக்காந்தா சுவத்துச் சுண்ணாம்பு உதிருதாம். சம்சாரம் அவரைக் கொய்யா மரத்தடியில உக்கார வெச்சிருக்கா. பழமெல்லாம் விழுந்துடுச்சாம்." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "முத்து, அன்னிக்கு நான் பிரேக்கை விட்டேனா? உங்க சைகையைப் பாத்த ஞாபகமே வரல எனக்கு. தினமும் அதையே யோசிக்கறேன்."

நாச்சிமுத்து ஷோகேசைப் பார்த்தார். "தெரியலீங்க சார்" என்றார். முப்பத்தாறு வருஷத்தில் அந்த மனிதரிடம் சொன்ன முதல் பொய் அதுதான்.

அன்று சாயங்காலமே ஆறுக்குட்டி வீட்டுக்கு வந்தார். தேர் வருகிற வாரம், சக்கரத்துக்கு எண்ணெய் போட ஆள் சேர்க்க வந்தவர், மோர் வாங்கிக் குடிக்கும்போது ஷோகேசைப் பார்த்துவிட்டார். டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்து போய், தொடாமல், குனிந்து கட்டைகளின் சரிவைப் பார்த்தார். மெருகுக்கு அடியிலும் டயர் கடித்த தழும்பு இருந்தது.

"இது அதோடதுங்களா?"

நாச்சிமுத்து மொட்டை விரலைத் தடவிக்கொண்டார்.

"அதான பாத்தேன். அவங்க வெச்ச கட்டையெல்லாம் வேற கட்டைங்க. எந்தக் கட்டைக்கு நின்னு பழகுச்சோ அதுக்குத்தானுங்க நிக்கும். நம்ம தேரும் அப்படித்தான். எனக்குக் காய்ச்சல்னு ஒரு வருசம் எம் மச்சான் போட்டான், கட்டையைச் சீவித் தள்ளிட்டுப் போயிருச்சு." மறுபடி உட்கார்ந்து மோரை எடுத்தார். "ஓடற வரைக்கும் அழகுதானுங்க. ஆனா நெலைக்கு வந்து நிக்காத தேரைப் பாத்திருக்கீங்களா? நா பாத்திருக்கேன். மழை வந்து நடுத்தெருவுலயே நாலு நாளு நின்னுச்சு. சாமி பாவம்னு இருந்துச்சுங்க எனக்கு."

சமையல்கட்டில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றிருந்தது. ஆறுக்குட்டி போன பிறகுதான் மறுபடி கேட்டது. மறுநாளிலிருந்து வசந்தாமணி தூசி தட்டும்போது ஷோகேசின் கீழ்த்தட்டோடு நிறுத்திக்கொண்டாள்.

பதினான்கு நாள் அவள் பேசாமல் இருந்தாள் என்று சொல்ல முடியாது. உப்புப் போதுமா என்றாள், மாத்திரை போட்டீர்களா என்றாள். அந்த ஒன்றைப் பற்றி மட்டும் பேசவில்லை. நாற்பத்தோராம் நாள் காலையில் பதினொண்ணின் மூக்கு காம்பவுண்டுச் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது, முன்சக்கரம் வாசல் கேட்டைச் சாய்த்துவிட்டு அவள் போட்ட கோலத்தின் ஓரத்தில் இருந்தது. ஊர்ச் சனம் ரோட்டோரம் வந்து நின்றது. ஜாபர் மேஸ்திரி எதிர்க் காட்டில் டென்ட்டைப் பிரித்து வைத்துவிட்டு, அடுத்து எங்கே அடிப்பது என்று தெரியாமல் சிலிண்டர் மேல் உட்கார்ந்திருந்தார்.

நாச்சிமுத்து நடையை முடித்து வீட்டுக்குள் வந்தபோது வீடு காலியாக இருந்தது. வசந்தாமணி கிரைண்டரை இழுத்துக்கொண்டு பின்பக்கம் போய்க்கொண்டிருந்தாள். வேப்ப மரத்தடியில் பாத்திரம், பண்டம், பீரோ, பாய், சாமிப் படம் எல்லாம் ஏற்கெனவே இருந்தன. விடிந்ததிலிருந்து ஒருத்தியாகச் சுமந்திருக்கிறாள்.

"என்ன பண்ற வசந்தா?"

"காலி பண்றேனுங்க."

"நாஞ்சொல்றதை..."

"வேண்டாமுங்க. வரட்டும். இடிஞ்சா இடியட்டும்." இடுப்பில் கையை ஊன்றி நிமிர்ந்தாள். கோபம் இல்லை அவள் முகத்தில், கோபப்படுவதற்குக்கூட அவளிடம் தெம்பு மிச்சமில்லை. "இந்த ஊட்டை நா ஒருத்தியா நின்னு கட்டுனேனுங்க. மணலுக்கு அலைஞ்சேன், கொத்தனாரோட மல்லுக்கு நின்னேன். நீங்க ரண்டு நாளு லீவுல வந்து பாலு காச்சறதைப் பாத்துட்டுப் போனீங்க. அதுக்கெல்லாம் நா வருத்தப்படலீங்க. உங்க சோலி அப்படி. ரிட்டேர்டு ஆகி வந்துருவாருன்னு இருந்தேன். நீங்க வந்து நாப்பத்திநாலு நாளாகுதுங்க." நெற்றி வேர்வையை வழித்துவிட்டாள். "இன்னும் வரலீங்க."

அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது. கையைப் பார்த்தார்.

"உள்ள ஒரு சாமான் பாக்கி இருக்குதுங்க" என்றாள். "அதை நா தொடமாட்டேன். உங்களுக்கு எது வேணுமோ நீங்களே எடுத்து வெளிய வெச்சுக்கங்க." கிரைண்டரை மறுபடி இழுக்க ஆரம்பித்தாள்.

வெறும் வீட்டுக்குள் நாச்சிமுத்து நின்றார். அவர் நடுக்கத்துக்குக் கூட நடுங்க இப்போது அலமாரிக் கண்ணாடி இல்லை, டம்ளர் இல்லை. ஷோகேசில் இரண்டு மரத்துண்டுகள் மட்டும் ஒன்றையொன்று இடித்துக் கிடுகிடுத்துக்கொண்டிருந்தன. அவருக்குத் தன்மேல் ஆத்திரமாக வந்தது. தேவய்யாவும் டிர்கியும் இவள் ஒருத்தியும் தூங்காமல் கிடக்க, தான் ஒரு பொருளைத் தூசி தட்டி வைத்துக்கொண்டிருந்தோமே என்று வந்தது. பதினொண்ணும்தான் தூங்கவில்லை. மூன்று மைல் தரையில் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது, இறக்கை வைத்திருக்கிற ஒன்று. அது தன்னைப் பார்க்க வரவில்லை, நிற்க வந்திருக்கிறது என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

பித்தளைத் தகட்டை நகத்தால் நெம்பி எடுத்து ஜன்னல் திண்டில் வைத்தார். பட்டு நூலை அறுத்துவிட்டு, கொடியில் கிடந்த தேங்காய் நார்க் கயிற்றை உருவிக் கட்டைகளைக் கட்டினார். வாசலுக்கு வந்தார்.

சுவரோரமாக நேரே போகவில்லை. முறைப்படி, விமானத்தின் பக்கவாட்டுக்குப் போய், சுழலாத விசிறி சுழல்வதாகவே வைத்துத் தலையைத் தாழ்த்தி, இடது சக்கரத்துக்கு ஓடினார். ஐம்பத்தேழு வயசில் மனிதர் இப்படி ஓடுவாரா என்று சனம் பார்த்தது. ஆறுக்குட்டி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். முன்னால் ஒரு கட்டை, பின்னால் ஒரு கட்டை. குதிகாலால் ஒரு மிதி. கயிற்றை இழுத்து ஒரு முடி. எழுந்து, காக்பிட் தெரிகிற தூரத்துக்குப் பின்வாங்கி, இரண்டு முஷ்டியையும் உயர்த்தி, கட்டை விரல்களை உள்பக்கமாக இடித்துக் காட்டினார். காக்பிட்டில் யாரும் இல்லை. அவர் காத்திருந்தார். மேலே இருக்கிறவர் தலையாட்டும் வரைக்கும் கையை இறக்கக் கூடாது என்பதால் இறக்காமலே நின்றார்.

பதினொண்ணுக்குள் எங்கேயோ ஒரு நெடுமூச்சு எழுந்தது. டயர்கள் ஒரு விரல் அளவு அமுங்கின. இறக்கை இரண்டும் தளர்ந்து இறங்கின, மேலே காய்ந்த மிளகாய் நாலைந்து உருண்டு கோலத்தில் விழுந்தன. ஆறுக்குட்டி ஒரு சோளத்தட்டையை ஒடித்துச் சக்கரத்துக்கு முன்னால் நட்டார். அதற்குத் தேவையிருக்கவில்லை, எல்லோருக்கும் தெரிந்தது.

நாச்சிமுத்து கையை இறக்கினார். விரல்கள் அசையாமல் இருந்தன. அதை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு, வீட்டுக்குள் போகலாம் என்று ஓரடி வைத்தவர், முடியாமல் அப்படியே சக்கரத்தடியில் உட்கார்ந்து, டயரில் சாய்ந்து, அந்த இடத்திலேயே தூங்கிப்போனார். வாய் லேசாகத் திறந்திருந்தது. காலை பத்து மணி வெயில் முழங்காலுக்கு வந்திருந்தது.

வசந்தாமணி பின்பக்கத்திலிருந்து வந்து பார்த்தாள். பக்கத்தில் மண்டியிட்டு மார்பில் கையை வைத்தாள், மூச்சைத் தவிர உள்ளே எதுவும் ஓடவில்லை. அப்புறம் முந்தானையால் ஈ ஓட்ட ஆரம்பித்தாள். அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. சத்தம் கேட்டு விழித்துவிடப் போகிறாரே என்று சட்டென்று எடுத்தாள். பேசியது ஒரு பெண், இந்தியில். கல்யாணமான புதிதில் ஜோர்ஹாட்டிலும் ஆக்ராவிலும் குவார்ட்டர்சில் இருந்த காலத்து இந்தி அவளுக்குக் கொஞ்சம் ஒட்டியிருந்தது, டிர்கியின் சம்சாரம் என்று புரிந்துகொண்டாள். அந்தப் பெண் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. கொய்யா மரத்தடியில் ரொட்டியைப் பிட்டுக் கையில் வைத்தபடியே அவர் தூங்கிவிட்டாராம், இப்போதுதானாம், எழுப்பலாமா வேண்டாமா என்று கேட்க வேறு ஆள் இல்லாமல் கூப்பிட்டாளாம். வேண்டாம் என்றாள் வசந்தாமணி. பிறகு இரண்டு பெண்களும் போனைக் காதில் வைத்துக்கொண்டு, அந்தப் பக்கத்துக் குறட்டையை இவளும் இந்தப் பக்கத்துக் குறட்டையை அவளும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஜாபர் மேஸ்திரி ஆட்களோடு சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். நாற்பது நாள் தாடி. சோளத்தட்டையைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார்.

"நின்னுருச்சுங்களா அக்கா?"

"நின்னுருச்சுங்க."

"அப்ப ஆரம்பிக்கலாங்களா?"

அவள் வாயில் விரலை வைத்தாள். "சித்தெ இருங்க."

"எவ்வளவு நேரமுங்க?" என்றார் மேஸ்திரி, குரலைத் தாழ்த்திக்கொண்டு.

"தெரியலீங்க" என்றாள் வசந்தாமணி. "இப்பத்தான் எறங்கியிருக்காரு."

மேஸ்திரி சிலிண்டரின் வால்வைத் திருகி மூடினார். ஆட்களைக் கையைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டு, தானும் இறக்கை நிழலில் உட்கார்ந்தார். நிழல் நகரவில்லை.